பழைய லேப்டாப், நம்ம வீட்டுப் பாட்டு: ஒரு மியூசிக் சர்வர் கட்டுவோம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

"வீட்ல ஒரு பழைய லேப்டாப் சும்மா கிடக்கு, என்ன பண்றது?"ன்னு கேட்டு வர்ற மெசேஜ் இப்போ அதிகமாயிருச்சு. காரணம் இருக்கு. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11 போடலாம்னு பாத்தா, பழைய பிராசசர் நிறையவை அதுக்கு ஒத்துவராது. இது போக, 2011-ல ஆரம்பிச்சு அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் வேற இருக்கு. நம்ம வயசு ஆளுங்க வீட்ல பீரோ மேலயோ பரண்லயோ அதுல ஒண்ணு தூங்கிட்டு இருக்கும்.

இன்னைக்கு அந்த லேப்டாப்பை எழுப்பி, பாட்டுக்குன்னே ஒரு சர்வரா மாத்துவோம். அந்த வேலை ஒரு சனிக்கிழமை மத்தியானத்துல முடிஞ்சிரும். ஆனா அதுக்கு அப்புறம் ஒரு வேலை இருக்கு. அதுதான் பெரிய வேலை, அதுக்குத்தான் இந்த எபிசோட்ல அதிக நேரம் எடுத்துக்கப் போறேன்.

ஆப் இருக்கும்போது சர்வர் எதுக்கு?

நியாயமான கேள்வி. மாசச் சந்தா கட்டினா கோடிக்கணக்கான பாட்டு போன்லயே வருது. ஆனா அந்த ஆப்களோட வரலாற்றைக் கொஞ்சம் பாருங்க. கூகுள் ப்ளே மியூசிக் 2020 கடைசில மூடினாங்க. ரெஸ்ஸோ 2024 ஜனவரி 31-ஓட இந்தியாவுல நின்னுச்சு. அதே 2024-ல விங்க் மியூசிக்கையும் மூடுறதா ஏர்டெல் அறிவிச்சாங்க. ஆப் மூடலைன்னாலும், லேபிள் கம்பெனியோட ஒப்பந்தம் முடிஞ்சா நம்ம பிளேலிஸ்ட்ல பாட்டு சாம்பல் கலர்ல நிக்கும், தொட்டா ஓடாது.

இருந்தாலும் சினிமா பாட்டைப் பத்தி நான் பெருசா கவலைப்படல. ஒரு ஆப்ல போனா இன்னொண்ணுல வரும். எந்த ஆப்லயும் எப்பவுமே இல்லாத பாட்டுதான் என் கவலை. நம்ம புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் விடிய விடிய நடக்கும். மேடை ஓரத்துல யாராவது டேப் ரெக்கார்டரை வச்சுப் பதிஞ்சிருப்பாங்க. கல்யாணத்துல வாசிச்ச நாதஸ்வரம், காதுகுத்துல அத்தைமார் பாடினது, பஜனை மடத்து மார்கழிப் பாட்டு, இப்படி. இதுக்கெல்லாம் உலகத்துலயே ஒரே ஒரு காப்பிதான் இருக்கும். அது ஒரு பழைய கேசட்டா, நம்ம வீட்டு அட்டைப்பெட்டிக்குள்ள இருக்கும்.

எங்க வீட்டுலயும் அப்படி ஒண்ணு இருக்கு. அப்பத்தா நடவுப் பாட்டு பாடின ஒரு சி-60 கேசட். அதைப் பத்தி பின்னாடி சொல்றேன். முதல்ல மெஷினைப் பாப்போம்.

மெஷின்: இருக்கறதே போதும்

பாட்டைக் கொடுக்குறது கம்ப்யூட்டருக்கு ரொம்ப லேசான வேலை. ராஸ்பெரி பை மாதிரி உள்ளங்கை அளவு போர்டுலயே நல்லா ஓடும். அதனால 2 ஜிபி ரேம் இருந்தாக்கூட பரவாயில்ல. பிராசசர் 64 பிட்டான்னு மட்டும் பாத்துக்கங்க.

டெஸ்க்டாப்பா லேப்டாப்பா? கரன்ட் கணக்கு போட்டுருவோம். பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே சுமார் 50 வாட் இழுக்கும்னு வைங்க. 24 மணி நேரம், 60 நாள் ஓடினா 72 யூனிட். லேப்டாப் ஸ்கிரீனை அணைச்சுட்டு 12 வாட்ல ஓடுதுன்னா அதே 60 நாளுக்கு சுமார் 17 யூனிட்தான். மாசக் கணக்குல பாத்தா இந்த வித்தியாசத்துலயே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிரலாம்.

லேப்டாப்ல இன்னொரு லாபம், பேட்டரி. கரன்ட் போய் வந்தாலும் சர்வர் அணையாது. ஆனா ஒரு எச்சரிக்கை. நாள் முழுக்க சார்ஜர்லயே இருக்குற பழைய பேட்டரி உப்பும். அடிப்பக்கம் புடைச்சு, டச்பேடு தூக்கிட்டு நிக்குதுன்னா உடனே அணைச்சு, பேட்டரியைக் கழட்டிருங்க. அதை அழுத்தாம, குத்தாம, எலக்ட்ரானிக் கழிவு எடுக்குற இடத்துல கொடுங்க. அப்புறம் அடாப்டர்ல மட்டும் ஓட்டி, சின்ன யுபிஎஸ் ஒண்ணு போட்டுக்கலாம். பேட்டரி நல்லா இருந்தா, உங்க மாடல்ல வசதி இருக்குற பட்சத்துல சார்ஜை 80 சதவீதத்தோட நிறுத்தி வைங்க.

அடுத்து லினக்ஸ். நான் சொல்றது டெபியன். இன்ஸ்டால் பண்ணும்போது டெஸ்க்டாப் திரை எதுவும் வேணாம்னு டிக்கை எடுத்துட்டு, எஸ்எஸ்ஹெச் சர்வரை மட்டும் தேர்ந்தெடுங்க. அதுக்கப்புறம் அந்த லேப்டாப்புக்குத் திரையும் வேணாம், கீபோர்டும் வேணாம். உங்க ஆபீஸ் லேப்டாப்ல இருந்தே எல்லா வேலையும் பாக்கலாம். ரெண்டு செட்டிங் மட்டும் மறக்காம மாத்துங்க. மூடியைச் சாத்தினா தூங்கக் கூடாது. அப்புறம், ரவுட்டர்ல இந்த மெஷினுக்கு எப்பவும் ஒரே ஐபி முகவரி கிடைக்கிற மாதிரி ஒதுக்கி வைங்க. இல்லைன்னா ரவுட்டர் ஒவ்வொரு தடவை அணைஞ்சு எரியும்போதும் சர்வரைத் தேடிட்டு இருக்கணும்.

சாஃப்ட்வேர்: ரெண்டு வழி

இங்க முடிவு பண்ண வேண்டியது ஒண்ணுதான். பாட்டு எங்க கேக்கணும்?

ஹால்ல ஒரு ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் இருக்கு, அதுல மட்டும் கேட்டாப் போதும்னா எம்பிடி போடுங்க. லேப்டாப்போட ஆடியோ வயர் நேரா ஆம்ப்ளிஃபயருக்குப் போகும், போன் வெறும் ரிமோட் மாதிரி.

அவங்கவங்க போன்ல, ஹெட்போன்ல, வேற வேற பாட்டு கேக்கணும்னா நேவிட்ரோம். இது இலவசம், ஓப்பன் சோர்ஸ். போல்டரைக் காட்டினா எல்லாப் பாட்டையும் படிச்சு, பிரவுசர்லயே ஒரு ஸ்ட்ரீமிங் ஆப் மாதிரி காட்டும். சப்சோனிக்னு ஒரு பழைய மொழி இருக்கு, அது இதுக்கும் தெரியும். அதனால அந்த மொழி பேசுற எந்த ஆப்பையும் ஆண்ட்ராய்டுலயும் ஐபோன்லயும் போட்டுக்கலாம். சிக்னல் கம்மியான இடத்துல, பெரிய ஃபைலை அந்த நேரத்துலயே சின்னதாக்கிக் கொடுக்கவும் செய்யும். படமும் சேத்து வேணும்னா ஜெல்லிஃபின் இருக்கு. பாட்டுக்கு மட்டும்னா எனக்கு நேவிட்ரோம்தான் பிடிச்சிருக்கு.

வெளியூர்ல இருந்து கேக்கணும்னா? சென்னை ஹாஸ்டல்ல இருக்குறவங்க இதைத்தான் முதல்ல கேப்பீங்க. பல பிராட்பேண்ட் இணைப்புகள்ல ஒரே பொது ஐபி முகவரியை நிறைய வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பாங்க. அதனால வெளிய இருந்து நேரா உங்க வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. வீட்டு சர்வரை இணையத்துல திறந்து போடுறதும் நல்லதில்ல. வயர்கார்டு இல்லைன்னா அதை வச்சு ஓடுற டெயில்ஸ்கேல் போடுங்க. உங்க போனும் சர்வரும் ஒரே வீட்டுக்குள்ள இருக்குற மாதிரி பேசிக்கும், மத்தவங்களுக்கு அப்படி ஒரு சர்வர் இருக்கறதே தெரியாது.

எந்த வடிவத்துல வைக்கறது?

ஆடியோ சிடி வச்சிருக்கீங்கன்னா ஃபிளாக் வடிவத்துல எடுங்க. சிடில ஒரு நிமிஷத்துக்கு சுமார் 10 எம்பி டேட்டா. 5 நிமிஷப் பாட்டு 50 எம்பி. ஃபிளாக் அதை ஒரு துளி ஒலியும் இழக்காம பெரும்பாலும் 30 எம்பி பக்கத்துல சுருக்கிரும். அப்படிப் பாத்தா 1 டிபி டிஸ்க்ல 30,000 பாட்டுக்கு மேல வைக்கலாம். எம்பி3 இன்னும் சின்னது, ஆனா அது கொஞ்சம் ஒலியைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் சுருக்குது. போனது திரும்ப வராது. மொபைல் கடையில மெமரி கார்டுல ஏத்தின 128 கேபிபிஎஸ் எம்பி3-யை ஃபிளாக்கா மாத்தினா இடம்தான் அடைக்கும். எம்பி3-யா இருக்கறது எம்பி3-யாவே இருக்கட்டும்.

நீங்க காசு கொடுத்து வாங்கின சிடியை உங்க சொந்த உபயோகத்துக்கு நகல் எடுக்குறதுக்கு நம்ம 1957 காப்புரிமைச் சட்டத்தோட 52ஆம் பிரிவுல இடம் இருக்கு. அதை எல்லாருக்கும் பொதுவுல பகிர்றது வேற விஷயம். வீட்டு சர்வர் வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்.

கேசட்டுக்கு வருவோம். பிளேயர்ல போடுறதுக்கு முன்னாடி, கேசட்டோட மேல் விளிம்புல ரெண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அதை உடைச்சிருங்க. அப்புறம் யாரும் தெரியாம ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் பழைய குரல் அழியாது. பிளேயர் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல நனைச்ச பட்ஸால துடைங்க. லேப்டாப்போட மைக் ஓட்டை பெரும்பாலும் மோனோதான், அதனால லைன்-இன் இருக்குற ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குங்க. ஆடாசிட்டியைத் திறந்து, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்ல பதியுங்க. சத்தம் உச்சத்துக்குப் போய் உடையாம, மைனஸ் 6 டெசிபல் பக்கத்துல நிக்கட்டும். இதுல வேகமா முடிக்கிற வித்தை எதுவும் கிடையாது. சி-60-ன்னா ஒரு பக்கம் 30 நிமிஷம், சி-90-ன்னா 45 நிமிஷம், உக்காந்து கேக்கத்தான் வேணும்.

ஒரு வேண்டுகோள். இரைச்சலை நீக்குறேன்னு முதல் ஃபைல்லயே கை வைக்காதீங்க. வந்தது வந்தபடி ஒரு ஃபிளாக் எடுத்து வச்சுட்டு, அதோட நகல்ல விளையாடுங்க.

பெரிய வேலை: பேர் வைக்கறது

நேவிட்ரோம் போல்டர் பேரைப் பாத்து பாட்டை அடுக்காது. ஒவ்வொரு ஃபைலுக்குள்ளயும் எழுதியிருக்குற டேக்கைத்தான் படிக்கும். உங்க பழைய கலெக்ஷனைக் கொட்டினதும் என்ன தெரியும்னா, "டிராக் 01" நானூறு, டவுன்லோட் தளத்தோட பேரு தாங்கின ஆல்பம் இருநூறு, இளையராஜா ஆங்கில எழுத்துக்கூட்டல்ல நாலு விதமா, நாலு வேற வேற ஆளு மாதிரி. பழைய ஃபான்ட்ல தமிழ்ல பேர் வச்சிருந்தா எல்லாம் கட்டமும் கோணல் எழுத்துமா நிக்கும். யூனிகோட்ல மறுபடி அடிச்சிருங்க.

சினிமா பாட்டுக்கு ஒரு விதி சொல்றேன், பாதி தலைவலி போயிரும். 1976-ல வந்த அன்னக்கிளியை எடுத்துக்கங்க. ஜானகி, சுசீலா, டி.எம்.எஸ்னு பாடினவங்க வேற வேற. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்ங்கற கட்டத்தைக் காலியா விட்டா, ஒரே படம் துண்டு துண்டா சிதறும். அந்தக் கட்டத்துல எப்பவும் இசையமைப்பாளர் பேரை ஒரே எழுத்துக்கூட்டல்ல போடுங்க. பாடினவங்க ஆர்ட்டிஸ்ட் கட்டத்துல. கச்சேரின்னா ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் பாடகர், ராகமும் தாளமும் பக்கவாத்தியமும் கமென்ட் கட்டத்துல. மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், பாட்டோட ஒலியை வச்சே அடையாளம் கண்டு நிறைய டேக்கைத் தானா நிரப்பிரும்.

ஆனா அப்பத்தாவோட கேசட்டை எந்த சாஃப்ட்வேர் அடையாளம் காணும்?

இந்த இடத்துல உங்களை ஒரு மலைக்குக் கூட்டிட்டுப் போறேன். புதுக்கோட்டைல இருந்து சுமார் 20 கிலோமீட்டர்ல குடுமியான்மலை. அங்க மேலைக்கோயில்னு ஒரு குடைவரை. அதை ஒட்டின பாறைச் சரிவுல 38 வரிக்கு ஒரு கல்வெட்டு இருக்கு. வழக்கமான கல்வெட்டு மாதிரி நிலம் கொடுத்தது, ஆடு கொடுத்ததுன்னு எதுவும் இல்ல. முழுக்க சுரம். கி.பி. 7ஆம் நூற்றாண்டு வாக்குல, பல்லவ கிரந்த எழுத்துல, நாலு நாலு சுரமா செதுக்கி வச்சிருக்காங்க. ரொம்ப காலம் இதை மகேந்திரவர்ம பல்லவன் வெட்டினதுன்னு சொன்னாங்க, அதுல அறிஞர்களுக்குள்ள கருத்து வேறுபாடு இருக்கு.

ஒரு இன்ஜினியர் கண்ணோட அதைப் பாருங்க. ஸ்டோரேஜ் பிரமாதம்: 1,300 வருஷமா மழைலயும் வெயில்லயும் டேட்டா நிக்குது. டேக் கூட இருக்கு. மொத்தம் 7 பகுதி, ஒவ்வொண்ணுக்கும் தலைப்பா ராகத்தோட பேரு. முடிவுல யார் செஞ்சதுன்னா, சிவபக்தனான ஒரு ராஜா, ருத்ராச்சாரியாரோட மாணவன். எதுக்குன்னா, படிக்கிற மாணவர்களுக்காக. இப்போ நம்ம போன்ல இருக்குற பாதிப் பாட்டுக்கு இவ்வளவு தகவல் கிடையாது.

ஆனா ஒரு சிக்கல். சுரம் ர, ரி, ரு, ரெ-ன்னு வேற வேற உயிரெழுத்தோட வருது. சில எழுத்து மேல புள்ளி இருக்கு. அந்த வித்தியாசம் என்னன்னு கல்லுல எழுதல. சுரத்தோட நுட்பமான ஏற்ற இறக்கம்னு ஒரு கட்சி, வீணைல விரலால மீட்டுற முறைன்னு இன்னொரு கட்சி. எழுதினவங்களுக்கு அது விளக்கமே தேவைப்படாத விஷயம். அன்னைக்கு மாணவனுக்குப் பக்கத்துலயே ஆசிரியர் இருந்திருப்பார், கேட்டா சொல்லியிருப்பார். டேட்டா முழுசா கையில இருக்கு, அதை அவங்க வாசிச்ச மாதிரி நம்மால உறுதியா வாசிக்க முடியல.

எங்க கேசட்டும் அதே நிலைமைலதான் இருந்துச்சு. 1990-கள்ல பதிஞ்சது. அப்பத்தா குரல் மொத்தம் 11 நிமிஷம். அதுக்கு மேல யாரோ ரேடியோல இருந்து சினிமா பாட்டைப் பதிஞ்சிட்டாங்க. 11 நிமிஷத்தையும் ஃபிளாக்கா மாத்தி சர்வர்ல போட்டாச்சு. டைட்டில் என்ன போடுறது? நடவுப் பாட்டுன்னு போட்டேன். அப்புறம் அத்தைகிட்ட போன்ல போட்டுக் காட்டினேன்.

அத்தை முதல் நிமிஷம் எதுவும் பேசல. அப்புறம் நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பிச்சாங்க. "இது நடவு இல்லடா, இது களையெடுக்கும்போது பாடுறது. மூணாவதுதான் நடவு." நடுவுல வர்ற ஒரு பேரை நான் ஏதோ சாமி பேருன்னு நினைச்சேன். அது ஊர்க் கண்மாயோட மடைப் பேராம், இப்போ அந்த மடை இல்ல. அப்பத்தாவுக்குப் பின்பாட்டு பாடுற ரெண்டாவது குரல் யாருங்கறதையும் அத்தைதான் சொன்னாங்க. அந்தப் பாட்டியோட பேரன் எங்க தெருவுலயே இருக்கார். அவர்கிட்ட அவங்க ஆத்தாவோட குரல் வேற எதுலயும் இல்ல. அன்னைக்கு சாயங்காலமே அவருக்கு ஒரு காப்பி போயிருச்சு.

இந்த மூணு தகவலும் தெரிஞ்ச கடைசி ஆள் எங்க அத்தை. வயசு எழுபத்தி நாலு. கேசட் இன்னும் பத்து வருஷம் கூட தாங்கலாம். அதனால என் வரிசையைச் சொல்றேன்: முதல்ல கேசட்டை ஃபைலா மாத்துங்க, ரெண்டாவது அதைக் கேட்டுச் சொல்லத் தெரிஞ்சவங்களோட உக்காருங்க. ஃபிளாக்கா எம்பி3-யா, நேவிட்ரோமா ஜெல்லிஃபின்னா, இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். யார் பாடுறாங்க, எங்க, எப்போ, எந்தச் சமயத்துல பாடுற பாட்டு, புரியாத சொல்லுக்கு என்ன அர்த்தம், இந்த அஞ்சையும் கேளுங்க. அவங்க சொல்றதை போன்ல அப்படியே பதிஞ்சு, அதையும் அதே ஆல்பத்துல ரெண்டாவது டிராக்கா வைங்க. கமென்ட் கட்டத்துலயும் எழுதுங்க. அதே போல்டர்ல சாதாரண டெக்ஸ்ட் ஃபைலா ஒரு நகல் போடுங்க. நாளைக்கு நேவிட்ரோமே இல்லாமப் போனாலும் டெக்ஸ்ட் ஃபைலை எந்தக் கம்ப்யூட்டரும் திறக்கும்.

கடைசி வேலை: காப்பி

சர்வர்ல இருக்கறதை பேக்கப்னு நினைக்காதீங்க. ரெண்டு டிஸ்க்கைச் சேத்து ரெய்டு போட்டாலும் அது பேக்கப் ஆகாது. ஒரு டிஸ்க் செத்தா காப்பாத்தும், நீங்க தப்பா ஒரு போல்டரை அழிச்சா ரெண்டுலயும் அழிச்சிரும்.

2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் வந்தது நம்ம மாவட்டத்துல யாருக்கும் மறக்காது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னந்தோப்பு மொத்தமும் சாஞ்சு கிடந்துச்சு. ஓட்டு வீடுகள்ல கூரை போய், பீரோக்குள்ள இருந்த போட்டோ வரைக்கும் நனைஞ்சுச்சு. பல ஊர்ல வாரக்கணக்குல கரன்ட் இல்ல. ஒரே வீட்டுக்குள்ள பத்து காப்பி வச்சிருந்தாலும் அன்னைக்கு அது ஒரு காப்பிதான்.

அதனால மூணு காப்பி, ரெண்டு வேற வேற சாதனத்துல, ஒண்ணு வேற ஊர்ல. சர்வர்ல ஒண்ணு. வெளிய செருகுற ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, மாசம் ஒரு தடவை மட்டும் செருகி நகல் எடுத்துட்டுக் கழட்டி வைங்க. மூணாவது காப்பி திருச்சில இருக்குற அக்கா வீட்டுக்கோ சென்னைல இருக்குற தம்பிக்கோ போகட்டும். சினிமா பாட்டு முப்பதாயிரத்துக்கும் இதைச் செய்யணும்னு அவசியமில்ல. வீட்டு ஒலிப்பதிவு எல்லாம் சேத்தா ஒரு பென் டிரைவ் அளவுதான் வரும். வருஷம் ஒரு தடவை எடுத்து, ஃபைல் திறக்குதான்னு பாருங்க. ஃபிளாக் ஃபைலுக்குள்ளயே அதோட ஒலிக்கான ஒரு சரிபார்ப்பு எண் இருக்கு, ஒரே கட்டளைல மொத்த போல்டரும் பழுதில்லாம இருக்கான்னு சோதிச்சிரலாம்.

நம்ம ஊர் திருக்கோகர்ணத்துல ஞானாலயா நூலகம் இருக்கு. ஒரு தம்பதி தங்களோட சொந்த முயற்சில வீட்டோட சேத்துக் கட்டிக் காத்த தமிழ்ப் புத்தகச் சேகரிப்பு, ஆராய்ச்சி பண்றவங்க வெளியூர்ல இருந்தெல்லாம் தேடி வருவாங்க. புத்தகத்துக்கு அப்படி ஆள் இருந்தாங்க. நம்ம வீட்டுக் குரலுக்கு வெளிய இருந்து யாரும் வரப் போறதில்ல. நாமதான் பாத்துக்கணும், அதுக்கு ஒரு பழைய லேப்டாப்பே போதும்.

இந்த வாரத்துக்கு ஒரே வேலை தர்றேன். சர்வர் எல்லாம் அடுத்த வாரம் போடுங்க. ஊருக்குப் போறவங்க அந்த அட்டைப்பெட்டியை இறக்கி, எத்தனை கேசட் இருக்கு, மேல என்ன எழுதியிருக்குன்னு ஒரு போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. "இது யார் குரல்?"னு கேளுங்க. பதில் எங்க இருந்து வருதுன்னு பாருங்க.

இன்ஸ்டால் பண்ணும்போது எங்கயாவது நின்னுபோச்சுன்னா மெசேஜ் பண்ணுங்க, அடுத்த எபிசோட்ல சேத்து பதில் சொல்றேன்.